உங்களுக்குத் தெரியுமா? பாரத்தோடு மலை இறங்கும் வண்டிகள்

40 டன் எடையுள்ள டிரெய்லர் லாரி ஒன்று 500 மீட்டர் உயரம் இறங்கி வந்தால், அதில் வெளிப்படும் ஆற்றல் சுமார் 54 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கிறதே 100 யூனிட், அதில் பாதிக்கும் மேல்! சாலை 100 மீட்டருக்கு 6 மீட்டர் சரிகிறது என்று வைத்துக்கொண்டால், இறக்கத்தின் நீளம் எட்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் இறங்க 20 நிமிடம் ஆகும். அந்த 20 நிமிடத்துக்குள் அத்தனை ஆற்றலும் எங்காவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் எல்லாமே டிரம்மிலும் லைனிங்கிலும் சூடாக ஏறும். என்ஜினையும் சேர்த்துக்கொண்டால் பெரும்பங்கு புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் காற்றோடு போய்விடும். மலை இறங்கும் வித்தை முழுவதும் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடுகிறது.

●

'பிரேக் பிடிக்கவில்லை' என்று விபத்துச் செய்திகளில் படிக்கிறோம். பல நேரங்களில் பிரேக்கில் எதுவும் உடைந்திருக்காது, அறுந்திருக்காது. சூடுதான் காரணம். டிரம் சூடேறினால் விரிகிறது. அதாவது உள்ளிருந்து அழுத்தும் லைனிங்கை விட்டு விலகிப் போகிறது. எட்டிப் பிடிக்க லைனிங் இன்னும் அதிக தூரம் நகர வேண்டும். அந்த நகர்வுக்கும் ஓர் எல்லை உண்டு. இதற்கிடையில் லைனிங்கும் சூட்டில் உராய்வுப் பிடிமானத்தை இழந்துவிடும். மலை உச்சியில் நன்றாகப் பிடித்த அதே பிரேக், பாதி வழியில் பெடலை முழுக்க மிதித்தாலும் பிடிக்காமல் போவது இதனால்தான். அடிவாரத்தில் ஆறிய பிறகு சோதித்துப் பார்த்தால் மறுபடியும் பிடிக்கும்!

●

நியூட்ரலில் இறக்கினால் டீசல் மிச்சம் என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. எலக்ட்ரானிக் முறையில் டீசல் செலுத்தும் இன்றைய என்ஜின்களில் நடப்பது நேர் எதிர். கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்களே என்ஜினைச் சுழற்றுகின்றன. டீசல் வரத்து அடியோடு நின்றுவிடும். நியூட்ரலுக்குத் தள்ளினாலோ, என்ஜின் அணையாமல் இருப்பதற்காகவே டீசல் எரிந்தாக வேண்டும். ஆக, நியூட்ரலில் இறங்குகிறவர் கூடுதல் டீசலைக் கொடுத்து ஆபத்தை விலைக்கு வாங்குகிறார். என்ஜினையே அணைத்துவிட்டு இறங்குவது அதைவிடக் கொடுமை. பவர் ஸ்டியரிங் இறுகிவிடும், பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரஸர் நின்றுவிடும்.

ஆபத்துக்குச் செங்குத்தான மலைதான் வேண்டும் என்பதில்லை. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வருகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாய் தெரிந்திருக்கும். அங்கே கொண்டை ஊசி வளைவுகள் கிடையாது. அகலமான தேசிய நெடுஞ்சாலை, பார்வைக்குச் சாதுவான இறக்கம். வேகம் கூடுவது உடலுக்கு உறைக்காது. அதனாலேயே இரட்டைப் பாலத்தை ஒட்டிய பகுதியில் சரக்கு லாரிகள் கட்டுப்பாடு இழந்து, முன்னால் போகும் கார்களையும் வேன்களையும் வரிசையாக நொறுக்கிய விபத்துகள் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன. செங்குத்தான மலையைப் பார்த்தால் எந்த ஓட்டுநரும் தானாகவே எச்சரிக்கையாகிவிடுவார். நீளமான, மெதுவான சரிவு அந்த எச்சரிக்கையைத் தருவதில்லை.

●

எந்த கியரில் இறங்குவது? 'ஏறின கியரிலேயே இறங்கு' என்பது பழைய ஓட்டுநர்கள் சொல்லிக்கொடுத்த பாடம். அவர்கள் காலத்து லாரிகளுக்கு அது சரி. இன்றைய என்ஜின்களுக்கு இழுவை அதிகம். 20 டன்னைக்கூட மேல் கியரிலேயே ஏற்றிவிடும். அதே கியரில் இறங்கினால் என்ஜினின் பிடி போதாது. ஏறியதற்கு ஒரு கியராவது குறைத்துத்தான் இறங்க வேண்டும்.

அதையும் இறக்கம் தொடங்கும் முன்பே செய்துவிட வேண்டும். வேகம் எடுத்த பிறகு கியரைக் குறைக்க முயன்றால் பெரும்பாலும் விழாது. எடுத்த கியரும் போய், போட நினைத்த கியரும் விழாமல் வண்டி நியூட்ரலில் நிற்கும். அந்த நொடியில் என்ஜினின் பிடி முழுவதும் பறிபோகும். அதனால்தான் இறக்கத்தின் தலைப்பில் ஓரமாக நிறுத்தி, பிரேக்கையும் காற்றழுத்தத்தையும் பார்த்துவிட்டு, கியரைப் போட்டு இறங்கும் ஓட்டுநர்மீது எனக்குத் தனி மரியாதை. பின்னால் நின்று ஹாரன் அடிப்பவர்களுக்கு அந்த ஐந்து நிமிடத்தின் மதிப்பு தெரிவதில்லை.

●

என்ஜின் வேகத்துக்கும் வரம்பு உண்டு. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் என்ஜின் வரம்பு மீறிச் சுற்றாதபடி கவர்னர் பார்த்துக்கொள்ளும். ஆனால் அதனால் டீசலை மட்டும்தான் நிறுத்த முடியும். பின்னால் இருக்கும் பாரம் தள்ளித் தள்ளி என்ஜினைச் சுழற்றினால் கவர்னர் என்ன செய்யும்? ஆர்.பி.எம். முள் சிவப்பை நெருங்கும்போது பிரேக்கைத் தொட்டு வேகத்தைக் குறைக்க வேண்டியது ஓட்டுநர்தான்.

●

பிரேக்கை லேசாக மிதித்தபடியே இறங்குவதா, அவ்வப்போது அழுத்தி விடுவதா? கனரக வாகனங்களுக்கான அமெரிக்க ஓட்டுநர் கையேடு சொல்லும் முறை இது: சரியான கியரில் இருந்துகொண்டு, பாதுகாப்பான வேகம் எது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். வண்டி அந்த வேகத்தைத் தொட்டதும், வேகம் குறைவதை உணரும்படி நன்றாக அழுத்தி, மணிக்கு சுமார் 8 கிலோமீட்டர் குறைந்ததும் முழுக்க விட்டுவிட வேண்டும். இதற்கு ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும். மறுபடி வேகம் ஏறி அதே அளவைத் தொட்டால் மறுபடி ஓர் அழுத்து. இடைவெளிகளில் டிரம் கொஞ்சம் மூச்சு விடும். படபடவென்று மிதித்து மிதித்து விடுவது இதுவல்ல. ஏர் பிரேக் வண்டியில் அப்படிச் செய்தால் டேங்கில் உள்ள காற்றுதான் தீரும்.

●

டீசல் என்ஜின் உலகில் 'கம்மின்ஸ்' என்ற பெயரைக் கேள்விப்படாதவர் குறைவு. அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிளெஸ்ஸி கம்மின்ஸ், 1931-ல் தன் டீசல் என்ஜின் பொருத்திய லாரியில் அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்கும் சாதனைப் பயணம் போனார். கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்கும்போது பிரேக் சூடாகிக் கைவிட்டது. கியரைக் குறைக்கவும் வழியில்லை. கீழே ரயில்வே கேட். தண்டவாளத்தில் சரக்கு ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. ரயிலின் கடைசிப் பெட்டி கடந்து முடிக்கவும் லாரி தண்டவாளத்தைத் தாண்டவும் சரியாக இருந்தது. லாரியில் இருந்தவர்கள் மயிரிழையில் பிழைத்தார்கள்.

அந்த இறக்கத்தை அவர் மறக்கவில்லை. ஓய்வுபெற்ற பிறகு 1950-களில் அதற்கு விடை கண்டார். என்ஜின் சிலிண்டரில் பிஸ்டன் காற்றை அழுத்துவதற்குச் சக்தி செலவாகிறது. சாதாரணமாக, அழுத்தப்பட்ட அந்தக் காற்று பிஸ்டனைத் திருப்பித் தள்ளி, செலவான சக்தியைக் கொடுத்துவிடும். அழுத்தம் உச்சத்தை எட்டும் நேரத்தில் எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்துவிட்டால்? காற்று வெளியே ஓடிவிடும். திருப்பித் தள்ள ஒன்றும் இருக்காது. சக்தியை உருவாக்கும் என்ஜின், சக்தியை விழுங்கும் காற்று பம்பாக மாறிவிடுகிறது. 1961-ல் ஜேக்கப்ஸ் நிறுவனம் இதைத் தயாரித்து விற்கத் தொடங்கியது. இன்றும் உலகம் முழுக்க லாரிக்காரர்கள் 'ஜேக் பிரேக்' என்று சொல்வது இதைத்தான். இறக்கத்தில் படபடவென்று வெடிப்பதுபோல் கேட்கும் சத்தம் அந்தக் காற்று பாய்ந்து வெளியேறும் சத்தமே.

●

நம் லாரிகளிலும் பஸ்களிலும் பரவலாக இருக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வேறு வகை. புகைபோகும் பாதையை ஒரு தகடு அடைத்துக்கொள்ளும். புகையை வெளியேற்ற முடியாமல் என்ஜின் திணறி வேகம் குறையும். லைனிங் தேயாது, டிரம் சூடாகாது.

ஆனால் மழையில் கவனம் வேண்டும். எக்ஸாஸ்ட் பிரேக், ஜேக் பிரேக் இரண்டுமே என்ஜினின் சக்தி போகும் சக்கரங்களை மட்டுமே பிடிக்கின்றன. டிரெய்லரின் சக்கரங்கள் தடையின்றி உருண்டுகொண்டே இருக்கும். வழுக்கும் சாலையில், அதிலும் காலி டிரெய்லரோடு, முன்வண்டியின் சக்கரங்கள் பிடி நழுவினால் பின்னாலிருக்கும் டிரெய்லர் தள்ளி, வண்டி நடுவில் மடிந்துவிடும். ஈரச்சாலையில் இவற்றை அணைத்துவிட்டு, வேகத்தை இன்னும் குறைத்து, எல்லாச் சக்கரங்களிலும் பிடிக்கும் பிரேக்கைக் கொண்டே இறங்கச் சொல்வது இதனால்தான்.

●

டிராக்டரில் பிரேக் பெடல் இரண்டு. ஒன்று இடது பின்சக்கரத்துக்கு, மற்றது வலது பின்சக்கரத்துக்கு. வயலில் சட்டென்று திரும்புவதற்கான ஏற்பாடு இது. சாலைக்கு வந்ததும் இரண்டு பெடலையும் கொக்கி போட்டு இணைத்தாக வேண்டும். இணைக்காமல் கரும்போ ஜல்லியோ ஏற்றிய டிரெய்லரோடு இறக்கத்தில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால், டிராக்டர் ஒரு பக்கமாகச் சுழன்று கவிழும். பல டிராக்டர் டிரெய்லர்களில் பிரேக்கே இருப்பதில்லை என்பதால், பின்னால் உள்ள மொத்தப் பாரத்தையும் டிராக்டரின் இரண்டு சக்கரங்கள்தான் தாங்குகின்றன. இறக்கத்தில் கிளட்சை மிதித்துவிட்டால் என்ஜினின் துணையும் போய்விடும். கிராமத்துச் சாலைகளில் நேரும் எத்தனையோ சாவுகளைத் தடுக்கக்கூடியது அந்தச் சின்னக் கொக்கி.

●

ஜீப்போ பிக்கப்போ இழுக்கும் சிறிய டிரெய்லரில் பாரத்தை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இணைப்புக் கொக்கியின்மீது அமர வேண்டும். பாரம் பின்பக்கம் கூடினால் இறக்கத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். இழுக்கும் வண்டியையும் சேர்த்து ஆட்டும்.

●

நீலகிரி மலை ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது நீராவி என்ஜின் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போகும். இறங்கும்போது அதே என்ஜின் முன்னால் நின்று பெட்டிகளைத் தாங்கிக்கொண்டு வரும். ஏறினாலும் இறங்கினாலும் என்ஜினின் இடம் பள்ளத்துப் பக்கம்தான். 12 அடிக்கு ஓர் அடி சரியும் பாதையில் பெட்டி எதுவும் பிடி நழுவிக் கீழே ஓடிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. போதாததற்கு ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்க ஓர் ஊழியர்!

சாலையிலும் இந்த முறை உண்டு. திருச்சி பெல் ஆலையின் பாய்லர் பாகங்கள் போன்ற ராட்சதச் சரக்குகள் வரிசையாகச் சக்கரங்கள் கொண்ட ஹைட்ராலிக் டிரெய்லர்களில் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஏற்றத்தில் பின்னாலிருந்து தள்ளுவதற்கு இன்னொரு 'புல்லர்' சேர்த்துக்கொள்வார்கள். இறக்கத்தில் அதே பின் புல்லர் பாரத்தைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டே வரும்.

●

அமெரிக்க மலைச்சாலைகளில் பிரேக் இழந்த லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே பக்கவாட்டில் தனிப்பாதை உண்டு. அதில் ஆழமாகக் கொட்டியிருப்பது உருண்டைக் கூழாங்கல். உடைத்த ஜல்லி ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு இறுகிவிடும்; லாரி அதன்மேல் ஓடிவிடும். உருண்டைக் கற்கள் விலகி வழிவிடுவதால் சக்கரம் அச்சுவரை புதைந்து வண்டி நிற்கும்.

2019 ஏப்ரல் 25-ஆம் தேதி கொலராடோ மாநிலத்தின் 70-ஆம் எண் நெடுஞ்சாலையில் மரம் ஏற்றி இறங்கிய லாரி ஒன்று, வழியிலிருந்த அந்தப் பாதைக்குள் போகாமல் தாண்டி வந்து, டென்வர் அருகே நெரிசலில் நின்ற வண்டிகள்மீது மோதியது. நால்வர் இறந்தார்கள். 23 வயது ஓட்டுநருக்கு 110 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. சட்டம் வேறு வழி விடவில்லை என்று நீதிபதியே வருந்தினார். லட்சக்கணக்கானோர் முறையிட்டபின் ஆளுநர் அதை 10 ஆண்டாகக் குறைத்தார். நம் நீண்ட இறக்கங்களிலும் இத்தகைய கூழாங்கல் பாதைகள் வேண்டும். அதைவிட, அவை எதற்காக இருக்கின்றன, எப்போது தயங்காமல் நுழைய வேண்டும் என்பது ஒவ்வோர் ஓட்டுநருக்கும் உரிமம் கொடுக்கும் முன்பே கற்றுத்தரப்பட வேண்டும்.

●

உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பழக்கமில்லாத வெளியூர் வண்டிகள் அதில் இறங்க அனுமதி இல்லை. சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் பிரேக்கை மிதித்தபடியே இறங்கி விபத்துக்குள்ளானதுதான் இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம். கார்தானே என்று நினைக்க வேண்டாம். காரின் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். டாட்-3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ்கள். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

●

குறுகலான மலைப்பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தால், இறங்குகிற வண்டிதான் நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். இது சாலை விதி. இன்னொன்று: இறங்கும் லாரிக்கு முன்னால் இருக்கும் காலி இடம் அந்த ஓட்டுநர் கணக்குப் பண்ணி விட்டுவைத்தது. அதில் காரை நுழைத்து உடனே பிரேக் அடிப்பது மலைப்பாதையில் நாம் செய்யக்கூடிய மிக ஆபத்தான காரியங்களில் ஒன்று.

●

இறங்கி முடித்ததும் டிரம்மிலிருந்து புகை வந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. கொதிக்கும் வார்ப்பிரும்பு திடீர்க் குளிர்ச்சியில் விரிசல் விடும். அந்த விரிசல் அடுத்த இறக்கத்தில்தான் தெரியும். தானாக ஆறவிடுவதே வழி. ஓடும்போது காற்று பட்டுத் தணிந்திருந்த சூடு, நின்றதும் டயருக்கு ஏறித் தீப்பிடிப்பதும் உண்டு. அதனால் நிறுத்திய உடனே டீக்கடைக்குப் போய்விடாமல், சக்கரங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்து, நேரம் கொடுத்துக் கவனிக்க வேண்டும். சரிவில் நிறுத்தியிருந்தால் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது கிளீனரின் முதல் வேலை. கட்டைக்குப் பதில் கல் வைத்திருந்தால், கிளம்பும்போது அதை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். இரவில் பின்னால் வரும் இருசக்கர வாகனத்துக்கு அந்தக் கல் தெரியாது.