வேரோடு உறவாடும் பூசணம்

பூசணம் என்றதும் நம் இல்லங்களில் ஊறுகாய்ச் சாடியும் மழைக்காலத்து அப்பளமும் நினைவுக்கு வரும். உழவருக்கோ பயிர்நோய் நினைவுக்கு வரும். ஆயினும், மண்ணுக்குள் பயிருக்கு உற்ற துணையாய் வாழும் பூசணமும் உண்டு. அதனை வேர் உட்பூசணம் என்பர். ஊரில் நிலம் வைத்திருக்கும் அன்பர்களும், இங்கே மைசூர்ப் பகுதியில் குத்தகைக்குப் பயிரிடும் நம்மவரும் இதனை அறிந்திருத்தல் நலம். ஏனெனில், இஃது உரச்செலவைப் பற்றிய செய்தி.

இங்குள்ள செம்மண்ணில் மணிச்சத்து இல்லாமல் இல்லை. இரும்பும் அலுமினியமும் அதனைப் பற்றிக் கொள்வதால் வேருக்கு எட்டுவதில்லை. நாம் விலை கொடுத்து இடும் சூப்பர் பாஸ்பேட்டிலும் ஒரு பகுதி இவ்வாறே சிறைப்படுகிறது. வேரானது தன்னை ஒட்டிய ஓரிரு மில்லிமீட்டர் மண்ணிலுள்ள சத்தை உறிஞ்சியதும் கைவிரித்து விடும். பூசணத்தின் நுண்ணிழைகளோ பல சென்டிமீட்டர் தூரம் பரவிச் சத்தைத் தேடிக் கொணரும். கைம்மாறாக இலைகள் ஆக்கிய சர்க்கரையைப் பெறும். உயிருள்ள வேரின்றி இது வளராது. பருவமும் உழவுமுறையும் இதன் வாழ்வைப் பெரிதும் பாதிப்பது அதனாலேயே.

ஆனி, ஆடி மழையில் கேழ்வரகு முளைத்ததும், மண்ணில் உறங்கும் பூசண வித்துகளும் முளைத்து இளவேரைப் பற்றுகின்றன. கதிர் முற்றும் காலத்தில் புதிய வித்துகள் பெருகும். கோடை முழுவதும் அவ்வித்துகளிலும் காய்ந்த வேர்த்துண்டுகளிலுமே பூசணம் உயிர் தாங்கி நிற்கும். நிலம் நெடுநாள் தரிசாகக் கிடந்தால் அது மெலிந்துவிடும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நீண்ட தரிசுக்குப்பின் பயிர்கள் நலிந்தமைக்கு இக்குறையே காரணம் என்று 1980களில் கண்டறிந்தனர். கன்னட நாட்டு உழவரோ கேழ்வரகின் இடையே மொச்சையும் துவரையும் ‘அக்கடி சால்’ என விதைப்பர். கேழ்வரகை அறுத்த பின்னும் அவற்றின் வேர்கள் மண்ணில் உயிரோடு நிற்கும். நுண்நோக்கி இல்லாத காலத்து அறிவு இது!

கண்ணம்பாடி அணை நீர் பாயும் நெல்வயல்களில் நிலை வேறு. காற்றை வேண்டும் பூசணம், தேங்கிய நீரில் குன்றும். நீரைக் கட்டியும் வடித்தும் பாய்ச்சினால் ஓரளவு பிழைக்கும். அடிக்கடி ஆழ உழுதால் இழைவலை அறுந்துபோகும். கோடை உழவு பூச்சிகளை அழிக்கும், மழைநீரைத் தாங்கும் என்பது உண்மையே. அதனைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால், ஓர் உழவு போதுமான இடத்தில் நான்கு உழவு வேண்டா. மணிச்சத்து உரத்தை மிகுதியாக இட்டாலும் பயிர் பூசணத்தின் உறவை நாடாது. நம் நாடு இவ்வுரத்திற்குப் பெரிதும் அயல்நாட்டையே நம்பியிருப்பதால், அம்மிகுதி இருமடங்கு நட்டமாகும்.

பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பாக்யராஜ் இத்துறையில் பல்லாண்டு உழைத்தார். மைசூரில் உள்ள மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிறுவனத்தார் மல்பெரிச் செடிக்கு இதனை இட்டு, மணிச்சத்து உரத்தைக் குறைக்கும் வழியை ஆராய்ந்தனர். உயிர்வேரின்றி வளராததால், மக்காச்சோளம் போன்ற பயிர்களின் வேரில் வளர்த்தே இதனைப் பெருக்குகின்றனர். ‘வாம்’ என்ற பெயரில் விற்கும் அம்மண்கலவையை நாற்றங்காலிலோ, நடும் குழியிலோ வேருக்கு அருகில் இடவேண்டும். மேலே தூவினால் பயன் குறைவு. கடுகு, முட்டைக்கோசு, பீட்ரூட் ஆகியவை இப்பூசணத்தோடு சேராத இனங்கள். அவற்றிற்கு இதனை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டா.