உடைக்கக் கூடாத மாத்திரை

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பேருந்தில் சென்றபோது, அருகில் அமர்ந்திருந்த மூதாட்டி இரத்த அழுத்த மாத்திரையை உடைத்து, மென்று விழுங்கினார். முழுதாகத் தொண்டையில் இறங்கவில்லையாம். அட்டையை வாங்கிப் பார்த்தேன்: நிஃபெடிபின் எஸ்.ஆர். அதாவது, மருந்தை மெதுவாக வெளியிடும் வகை.

நிஃபெடிபின் நீரில் எளிதில் கரையாது. இரத்தத்தில் கலந்த பின்னரோ, சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே, இவ்வகை மாத்திரைகள் பலவற்றில் மருந்தை நுண்துகளாக்கி, செல்லுலோஸிலிருந்து பெறப்படும் பாலிமருடன் சேர்த்து இறுக்குகிறார்கள். வயிற்றில் நீர் பட்டதும், ஊறிய சப்ஜா விதையைப் போல, மாத்திரையின் மேற்புறம் கூழாகிறது. எளிதில் கரையும் மருந்தாயின் அக்கூழின் ஊடாகவே கசிந்து வெளிவரும். இதற்கு அந்த வழி போதாது. கூழ் அடுக்கடுக்காகக் கரையக் கரையத்தான் துகள்கள் விடுபடுகின்றன. கூழ் எத்தனை மணி நேரம் தாங்க வேண்டும் என்பதைப் பாலிமரின் அளவையும் பிசுப்பையும் கொண்டு தீர்மானிக்கிறார்கள். வடிவமைப்பின் நுட்பமெல்லாம் அதில்தான். மென்றுவிட்டால், பல மணி நேரத்துக்கான மருந்து ஒருசேர இறங்கி, அழுத்தம் திடீரெனச் சரியக்கூடும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அட்டையில் எச்சரிக்கை இருந்தாலும், அது ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். 'உடைக்காதீர், மெல்லாதீர்' என்று தமிழில் அச்சிட என்ன தடை? முழுதாக விழுங்க முடியாவிட்டால் மருத்துவரிடம் மாற்று மருந்து கேட்கும்படி மூதாட்டியிடம் சொன்னேன்.

"இதை யாரும் சொல்லலையே, தம்பி" என்றார்.