கண்ணாடிக் கூண்டும் கட்டுரையாசிரியையும்

1960 மே மாதத்தில், அர்ஜெண்டினாவில் ரிக்கார்டோ கிளெமெண்ட் என்ற பொய்ப் பெயரில் ஒளிந்து வாழ்ந்த அடால்ஃப் ஐக்மனை இஸ்ரேலிய ஒற்றர்கள் வழிமறித்துப் பிடித்து ரகசியமாக விமானமேற்றியதும், மறு ஆண்டு ஏப்ரல் 11ஆம் தேதி ஜெருசலேமில் 15 குற்றச்சாட்டுகளோடு அவன்மீது விசாரணை தொடங்கியதும் உலகமறிந்த சம்பவங்கள். ஐரோப்பிய யூதர்களைத் தேசம் தேசமாகத் திரட்டி ரயிலேற்றி மரண முகாம்களுக்கு அனுப்பிவைத்த இலாகாவின் தலைவன் அவன். அந்த விசாரணையைப் பற்றி எழுதுவதற்காக 'நியூயார்க்கர்' பத்திரிகையின் சார்பில் சென்றவர், ஜெர்மனியில் பிறந்து நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்காவில் குடியேறிய தத்துவப் பேரறிஞர் ஹன்னா அரெண்ட். 1963இல் வெளியான அவருடைய 'ஜெருசலேமில் ஐக்மன்' என்ற நூலைப் போலப் பிரசித்தி பெற்ற நீதிமன்ற விவரணம் வேறொன்று உண்டா என்பது சந்தேகமே. ஆனால் விசாரணையில் நடந்ததைத் தெரிந்துகொள்ளும் ஆவலுடன் அதைத் திறக்கும் வாசகனுக்கு அது தரும் மனத்தாங்கலும் கொஞ்சநஞ்சமல்ல.

யார் என்ன கேட்டார், அவன் என்ன பதில் சொன்னான், அந்தப் பதிலைக் கேட்டுச் சபை என்ன ஆயிற்று என்றறியவே வாசகன் விரும்புகிறான். அரெண்டோ, குண்டு துளைக்காத கண்ணாடிக் கூண்டில் அமர்ந்திருந்தவன் சிந்திக்கும் சக்தியற்ற ஒரு சாமானிய உத்தியோகஸ்தன் என்ற தம் அபிப்பிராயத்தை நிலைநாட்டும் பொருட்டு, நூற்றுக்கு மேற்பட்ட சாட்சிகளில் பெரும்பாலோரை விரைந்து கடந்துவிடுகிறார். 1938 அக்டோபரில் ஹானோவர் நகரிலிருந்து போலந்து எல்லைக்குத் துரத்தப்பட்ட கதையை ஆடம்பரமில்லாத சொற்களில் சில நிமிஷங்களில் சொல்லி முடித்த சிண்டல் கிரின்ஸ்பான் என்ற முதியவருக்கு அவர் உரிய மரியாதை செய்திருப்பது உண்மை. ஆனால் ஆஷ்விட்ஸைப் பற்றிப் பேசத் தொடங்கி மூர்ச்சித்து விழுந்த எழுத்தாளர் யெஹியேல் டினூரிடம் காட்டப்படுவதோ எரிச்சல்தான். அரசாங்க வக்கீல் ஹவுஸ்னரை நையாண்டி செய்யும் பக்கங்கள் ருசியானவை என்பதை மறுப்பதற்கில்லை; எனினும் அவர் ஐக்மனைக் குறுக்கு விசாரணை செய்த ஜூலை மாத நாட்களில் அரெண்ட் ஊரிலேயே இல்லை. எது கண்ணால் கண்டது, எது பதிவேட்டில் படித்தது என்று வாசகனுக்கு எளிதில் விளங்குவதுமில்லை.

இத்தனைக்கும், நீதிமன்றத்தைக் கேட்கவிடும்போது அவருக்கு நிகர் அவரே. கான்ட் என்னும் தத்துவஞானியின் தர்மவிதிப்படியே தான் வாழ்ந்ததாக ஐக்மன் போலீசாரிடம் சொல்லியிருந்ததைப் பிடித்துக்கொண்டு நீதிபதி ராவே வினவ, அவன் அவ்விதியை ஏறத்தாழச் சரியாகவே எடுத்துரைத்து, யூதர்களை அழிக்கும் காரியம் தன்னிடம் வந்த பிறகு அதன்படி வாழ இயலாமற்போயிற்று என்றும் கூறிய கட்டத்தைப் படிக்கையில் உடல் சிலிர்க்கிறது. ஆனால் 1944இன் இறுதியில், ரயில் கிடைக்காதபோது புடாபெஸ்ட் யூதர்களை ஆஸ்திரிய எல்லை வரை கால்நடையாகவே விரட்டச் செய்தவனின் பிடிவாதத்தையும் சட்டத்துக்குப் பணியும் குணமாகவே அவர் வியாக்கியானம் செய்யும்போது அந்த வியாக்கியானம் போதவில்லை. 1957இல் அர்ஜெண்டினாவில் சாஸன் என்ற பழைய நாஜிப் பத்திரிகையாளரிடம் ஐக்மன் மனம் திறந்து பேசி, வேலையை முற்றும் முடிக்கவில்லையே என்று வருந்திய பதிவுகளை பெட்டினா ஸ்டாங்நெத் 2011இல் விரிவாக ஆராய்ந்து எழுதினார். அவை முழுமையாக அரெண்டின் கைக்கு எட்டியிருக்கவில்லை என்பதை நியாயமாகச் சொல்லியாக வேண்டும்.

மோஷே லாண்டாவின் தலைமையில் மூன்று நீதிபதிகள் 1961 டிசம்பரில் நாட்கணக்கில் வாசித்த தீர்ப்பு, சாட்சியங்களை ஒவ்வொன்றாக எடைபோட்டு, எது ருசுவாயிற்று, எது ஆகவில்லை என்று பொறுமையாகப் பிரித்துச் சொல்வது. அந்த நீதிபதிகளை அரெண்ட் பெரிதும் மதித்தவர்தான். ஆயினும் நூலின் பின்னுரையில், அவர்கள் குற்றவாளியை நோக்கி இப்படியல்லவா பேசியிருக்க வேண்டும் என்று, தாமே ஒரு தீர்ப்புரையை இயற்றி அவனுக்கு மரண தண்டனை விதித்து முடிக்கிறார். லாண்டா வாசித்த தீர்ப்பைப் படிக்க விரும்புகிறவர் வேறு புத்தகத்தைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது.