வீட்டின் விலையும் மனையின் விலையும்

உலக நகரங்களை வீட்டு விலைப்படி வரிசைப்படுத்தும் பட்டியல்கள் ஆண்டுதோறும் வெளிவருகின்றன. நகரத்து வீடுகளின் இடைநிலை விலையை, அங்குள்ள குடும்பங்களின் இடைநிலை ஆண்டு வருமானத்தால் வகுத்து வரும் எண்ணே இவற்றின் அளவுகோல். 2021ஆம் ஆண்டு நிலவரத்தைக் கொண்டு டெமோகிராஃபியா நிறுவனம் வெளியிட்ட கணக்கில் ஹாங்காங்கின் எண் 23.2. உண்ணாமலும் உடுக்காமலும் இருபத்து மூன்று ஆண்டு வருமானத்தைச் சேர்த்தாலும் அங்கு ஒரு வீட்டுக்குப் போதாது என்பது இதன் பொருள். இவ்வளவுகோல் பயனற்றதன்று. ஆயினும் விலை எவ்வளவு என்று சொல்லுமேயன்றி, அவ்விலைக்குக் கிடைப்பது யாது என்பதை இது சொல்லாது.

பழந்தமிழில் மனை என்பது இல்லத்தையே குறித்தது. இற்றை வழக்கில் அது வீடு கட்டுதற்குரிய நிலத்தைக் குறிக்கிறது. வீட்டு விலையை ஆராய்வார்க்கு இப்பிற்கால வழக்கு பெரிதும் உதவுவதாகும். செங்கல்லும் சிமெண்டும் இரும்புக் கம்பியும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கப்பலேறிச் செல்லக் கூடியவை. மனை அவ்வாறு செல்லாது. ஆதலின் இரு நகரங்களின் வீட்டு விலை பெரிதும் வேறுபடுமாயின், அவ்வேறுபாட்டின் பெரும்பகுதியை மனையிலேயே தேடுதல் வேண்டும். மனை யாருடையது, எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கிறது, யாருக்கு அதனை விற்கலாம் என்பன அறியப்படாதவரை ஒப்பீடு முழுமை பெறாது.

ஹாங்காங்கும் சிங்கப்பூரும் இதற்கு நல்ல சான்றுகள். இரண்டும் துறைமுக நகரங்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் வளர்ந்தவை. இரண்டிலும் பொது வீடமைப்பு வேகம் பெற்றதற்குத் தீ விபத்தே காரணமாயிற்று. 1953 டிசம்பர் 25ஆம் நாள் இரவு ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதியில் மூண்ட தீ ஏறத்தாழ 53,000 பேரை வீடற்றோர் ஆக்கியது. சிங்கப்பூரின் புக்கிட் ஹோ சுவீ தீயில் 1961 மே 25ஆம் நாள் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். இரு நகரங்களிலும் நிலத்தின் பெரும்பகுதி அரசினுடையது. ஹாங்காங்கில் முழுவுரிமை பெற்ற நிலம் செயின்ட் ஜான்ஸ் தேவாலயம் நிற்கும் மனை ஒன்றே என்பர். ஏனைய யாவும் குத்தகை நிலங்களே.

இவ்வளவு ஒற்றுமை இருந்தும் முடிவு வேறானது ஏன்? ஹாங்காங் அரசு குத்தகை நிலத்தை ஏலத்திலும் ஒப்பந்தப் புள்ளியிலும் விட்டுப் பெருவருவாய் ஈட்டியது. சில ஆண்டுகளில் அரசின் மொத்த வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நிலத்திலிருந்தே வந்ததுண்டு. வரி குறைவான நகரம் என்னும் புகழுக்கு அதுவும் ஒரு துணை. நிலம் மலிந்தால் கருவூலம் மெலியும் என்னும் நிலையில், எந்த அரசும் நிலத்தைத் தாராளமாக வெளியிடத் தயங்குவது இயல்பே. 1984ஆம் ஆண்டின் சீன-பிரிட்டிஷ் கூட்டறிக்கையும் 1997 வரை ஆண்டுக்கு 50 ஹெக்டேர் என்றே புதிய நில வழங்கலுக்கு வரம்பிட்டது. பொது வாடகை வீடுகளுக்குரிய நிலம் மட்டும் அதற்கு விலக்கு. அந்நகர மக்களில் பாதிக்குச் சற்றே குறைவானோர் அரசின் வாடகை வீடுகளிலோ மானிய வீடுகளிலோ வாழ்கின்றனர். அவர்களுக்கு 23.2 என்னும் எண் நேரே பொருந்தாது. வெளியே நிற்பவர்க்கோ வரிசை நீளம்: 2022 மார்ச்சில் வாடகை வீட்டுக்கான சராசரிக் காத்திருப்பு ஆறு ஆண்டைத் தாண்டியிருந்தது.

சிங்கப்பூர் நிலத்தை வேறு வகையில் ஆண்டது. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. 1966ஆம் ஆண்டின் நிலக் கையகச் சட்டம் தனியார் நிலத்தைப் பொதுப் பணிக்கு எடுக்கும் பேரதிகாரத்தை அரசுக்கு அளித்தது. நெடுங்காலம் உரியவர்க்குக் கிடைத்த இழப்பீடு சந்தை விலையினும் குறைவானதே. முழுச் சந்தை விலை வழங்கும் முறை 2007இல்தான் வந்தது. வீடு மலிவாகக் கிடைத்ததன் பின்னே, மனையை மலிவாக இழந்தவர் சிலர் உண்டு என்பதை மறத்தலாகாது. 1968இல் மத்திய சேமநிதியைக் கொண்டு வீடு வாங்க வழி பிறந்தது. கூலி பெறுவோரும் வீட்டுக்குடையவர் ஆயினர்.

ஆனால் அங்கு விற்கப்படுவது 99 ஆண்டுக் குத்தகை. குத்தகை தேய்வதைக் கணக்கிட அந்நாட்டு நில ஆணையம் கையாளும் அட்டவணைக்குப் 'பாலா அட்டவணை' என்று பெயர்; நிலத்துறை அலுவலர் ஒருவரின் பெயரால் அது வழங்குவதாகக் கூறுவர். முழுவுரிமை மனையின் மதிப்பு 100 எனின், 99 ஆண்டு எஞ்சிய மனைக்கு 96, 60 ஆண்டுக்கு 80, 30 ஆண்டுக்கு 60 என்பது அதன் கணக்கு. முதல் 39 ஆண்டில் தேய்வது 16 பங்கே. கடைசி 30 ஆண்டில் தேய்வதோ 60 பங்கு. இளமையில் வாங்கியவர்க்குத் தெரியாத தேய்வு முதுமையில் விற்கப் புகும்போது தெரிகிறது. கேலாங் மூன்றாம் லோரோங்கில் 60 ஆண்டுக் குத்தகையில் இருந்த 191 தனியார் வீடுகள் 2020 டிசம்பர் 31இல் இழப்பீடின்றி அரசுக்குத் திரும்பின. வீவக வீடுகளின் முதற் குத்தகைகள் முடிய 2060கள் ஆகும்.

வாங்குவோர் யார் என்பதும் விலையை வரையறுக்கும். 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, வீவகக் கட்டடம் ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இனத்தார்க்கும் விகித வரம்பு வகுத்தது. இந்தியரும் பிறரும் ஒரு கட்டடத்தில் 15 விழுக்காட்டுக்கு மிகுதல் ஆகாது. 2010க்கு முன் அது 13 ஆக இருந்தது. வரம்பு நிரம்பிய கட்டடத்தில், சீனர் அல்லது மலாய்க்காரர் ஒருவரின் வீட்டை இந்தியர் வாங்க இயலாது. சீனர்க்குரிய வரம்பு நிரம்பிய கட்டடத்திலோ, இந்தியர் தம் வீட்டைச் சீனர்க்கு விற்க இயலாது. வாங்குவோர் தொகை சுருங்கினால் விலையும் இறங்குதல் இயல்பு. இனங்கள் தனித்தனிச் சேரிகளாய்ப் பிரியாமல் காத்தது இக்கொள்கையின் பயன். அப்பயனின் செலவில் ஒரு பகுதியைச் சிறுபான்மைக் குடும்பங்கள் விற்பனையின்போது தாங்குகின்றன.

கோலாலம்பூரில் முழுவுரிமை மனைகள் பல உண்டு. விலையும் மேற்கூறிய இரு நகரங்களைவிடக் குறைவு. எனினும் அங்கும் மனைக்கு மனை உரிமை வேறுபடும். இரட்டைக் கோபுரத்தின் அருகே உள்ள கம்போங் பாரு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி மலாய்க்காரர்க்கென அமைந்த குடியிருப்பு. பிறர் அங்கு மனை வாங்க இயலாது. வழிவழியாகப் பங்கு பிரிந்து ஒரு மனைக்கே உரியோர் பலராயினர். நகரின் நடுவே இருந்தும் அம்மனையின் விலை அக்கம்பக்கத்து விலையோடு ஒக்காததற்குக் காரணம் இதுவே.

மலேசியத் தமிழருள் பலர்க்கு மனையில்லா வீட்டின் நிலை நூலிற் படித்தறிய வேண்டியதன்று. தோட்டத்து லயம் வேலையோடு ஒட்டிய வீடு. வாடகை இல்லை, உரிமையும் இல்லை. 1950களில் தோட்டத் துண்டாடல் பரவியபோது வேலையும் வீடும் ஒருங்கே போயின. துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது இக்காலத்தில்தான். பால்மரம் சீவியோர் மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்திய பங்குப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. பின்னர் கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் நகர்களாயின. இன்றைய சுபாங் ஜெயா முன்னாளில் சீஃபீல்ட் தோட்டம். இவ்வாறு மாறிய தோட்டங்கள் சிலவற்றில் தொழிலாளர்க்கு மலிவு விலை அடுக்குமாடி வீடு கிடைத்தது. சிலவற்றில் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு குடிபெயர வேண்டியதாயிற்று.