போன் தனி, நெட் தனி! டயல் அப்பிலிருந்து கேபிள் இணைப்புக்கு

அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம் 2025 செப்டம்பர் 30ல் தன் டயல் அப் இன்டர்நெட் சேவையை நிறுத்திவிட்டது. அந்தச் செய்தியைப் படித்த என் சித்தப்பா, "டயல் அப்னா என்னப்பா?" என்று கேட்டார். அவர் சோழவந்தான் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். அண்மையில்தான் முதல் கம்ப்யூட்டர் வாங்கினார். உங்களில் பலருக்கும் இதே கேள்வி இருக்கலாம். பழைய கதைதானே என்று விட்டுவிட வேண்டாம். இன்று உங்கள் வீட்டுக்கு வரும் கேபிள் இணைப்பின் வசதியும் ஆபத்தும் டயல் அப்பை விட்டு மாறியபோது வந்தவைதான்.

டயல் அப் என்றால் என்ன?

இந்தியாவில் பொதுமக்களுக்கான இன்டர்நெட் சேவையை விஎஸ்என்எல் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15ல் தொடங்கியது. வீட்டு டெலிபோன் ஒயரை கம்ப்யூட்டரின் மோடத்தில் செருக வேண்டும். மோடம் ஒரு எண்ணுக்கு டயல் செய்யும். "கீ... கர்ர்..." என்று சத்தம் கேட்கும். பிறகு இணைப்பு கிடைக்கும். போன் ஒயர் மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்டது. எனவே கம்ப்யூட்டர் தகவலைச் சத்தமாக மாற்றித்தான் அதில் அனுப்ப முடிந்தது. அந்தச் சத்தம்தான் நாம் கேட்டது.

இதன் உச்ச வேகம் 56 கேபிபிஎஸ். நடைமுறையில் 40 சொச்சம் கிடைத்தாலே அதிர்ஷ்டம். இங்கே ஒரு கணக்கைத் தெரிந்து கொள்ளுங்கள். இணைப்பு வேகம் பிட் கணக்கில் சொல்லப்படுகிறது. பைலின் அளவு பைட் கணக்கில். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். எனவே வேகத்தை 8ஆல் வகுத்துப் பாருங்கள். 10 எம்பி பைல் ஒன்றை டவுன்லோட் செய்திட,

* டயல் அப்பில் (நொடிக்குச் சுமார் 4.5 கேபி): 38 நிமிடம்
* 256 கேபிபிஎஸ் இணைப்பில்: 5 நிமிடத்திற்குச் சற்று மேல்
* 100 எம்பிபிஎஸ் இணைப்பில்: 1 நொடிக்கும் குறைவு

ஏழு முறை அடித்த போன்

வேகம் கூடப் பெரிய விஷயமில்லை. டயல் அப்பில் இருக்கும் வரை வீட்டு போன் எங்கேஜ்டு. 2006ல் நான் மூன்றாம் வகுப்பு படித்தேன். மதுரையில் எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி அப்பா ஏதோ பைலை டவுன்லோட் செய்து கொண்டிருந்தார். பாதிக்கு மேல் வந்துவிட்டது. இடையில் துண்டித்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று காத்திருந்தார். அந்த நேரத்தில்தான் ஊரில் அப்பத்தா மயங்கி விழுந்திருக்கிறார். சித்தப்பா ஏழு முறை போன் செய்திருக்கிறார். ஏழு முறையும் எங்கேஜ்டு. கடைசியில் ஒருவர் பைக்கில் வந்து கதவைத் தட்டிச் சொன்னார். அப்பத்தா பிழைத்துக் கொண்டார். ஆனால் அப்பாவுக்கு மனசே ஆறவில்லை. "இனிமே இந்த வீட்டில போன் தனி, நெட் தனி" என்று சொல்லிவிட்டார்.

அப்போது இரண்டு வழிகள் இருந்தன. 2005ல் பிஎஸ்என்எல் தொடங்கிய டேட்டாஒன் பிராட்பேண்ட் ஒரு வழி. அதே போன் ஒயரில், குரல் பயன்படுத்தாத உயர் அலைவரிசையில் இன்டர்நெட் வரும். ஸ்பிளிட்டர் என்ற சிறு பெட்டி இரண்டையும் பிரித்துத் தரும். எனவே பேசிக்கொண்டே நெட்டும் பார்க்கலாம். இன்னொரு வழி கேபிள் டிவிக்காரர் தரும் இணைப்பு. எங்கள் தெருவில் அப்போது கேபிள்தான் உடனே கிடைத்தது. அதைத்தான் வாங்கினோம்.

கேபிளில் இன்டர்நெட் எப்படி வருகிறது?

கேபிள் இணைப்பு மூன்று வகையில் வரலாம்.

1. டிவி ஒயரிலேயே வருவது. டிவி சேனல்கள் ஒவ்வொன்றும் ஓர் அலைவரிசையில் வருகின்றன அல்லவா? காலியாக உள்ள அலைவரிசையில் இன்டர்நெட் தகவலை அனுப்புவார்கள். அதைப் பிரித்தெடுக்க கேபிள் மோடம் தேவை.

2. லேன் ஒயரில் வருவது. நம் ஊர்களில் அன்று பரவலாக இருந்தது இதுதான். தெருவில் ஒரு சுவிட்ச் பெட்டி வைத்து, மொட்டை மாடி வழியாக ஒவ்வொரு வீட்டுக்கும் லேன் ஒயர் இழுப்பார்கள். ஒரு ஒயர் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஐப்பசி மழையில் இடி இடித்தால் சுவிட்சும் லேன் கார்டும் சேர்ந்து புகைந்துவிடுவது உண்டு.

3. பைபர் ஒயரில் வருவது. இன்று கேபிள்காரர்கள் பலர் தருவது இது. கண்ணாடி இழையில் ஒளியாகத் தகவல் வருகிறது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் இழை வழியாக மின்னல் வீட்டுக்குள் வராது. ஆனால் பெட்டியின் கரண்ட் இணைப்பு வழியாக வரலாம். எனவே இடி நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிவிடுவது நல்லது.

மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. டயல் செய்ய வேண்டாம். கம்ப்யூட்டரைப் போட்டால் இணைப்பு இருக்கும். இதுதான் உண்மையான மாற்றம்.

கதவு திறந்தே இருந்தது

கேபிள் வந்து சில வாரங்களில் எதிர் வரிசைக் கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். "சார், உங்க வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டெல்லாம் என் கம்ப்யூட்டர்ல தெரியுது சார்" என்றார். அப்பாவுக்கு வியர்த்துவிட்டது.

நடந்தது இதுதான். தெருவில் உள்ள எல்லா வீடுகளும் ஒரே லேனில் இருந்தன. ஸ்கேன் செய்து வைத்த போல்டரை அப்பா எப்போதோ ஷேர் செய்திருந்தார். விண்டோஸ் எக்ஸ்பியில் மை நெட்வொர்க் பிளேசஸ் திறந்தால், அதே லேனில் இருந்த யாருக்கும் அது தெரிந்தது. டயல் அப்பில் அரை மணி நேரம் மட்டும் திறந்த கதவு, கேபிளில் கம்ப்யூட்டர் ஓடும் நேரமெல்லாம் திறந்திருந்தது. பூட்டுப் போட யாரும் சொல்லித் தரவில்லை. நல்ல மனிதர், வந்து சொன்னார். எல்லோரும் அப்படி இருப்பார்களா?

2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் வைரஸ் இப்படித்தான் நுழைந்தது. மெயிலைத் திறக்கத் தேவையில்லை. அப்டேட் செய்யாத எக்ஸ்பி கம்ப்யூட்டர் இணைப்பில் இருந்தாலே போதும். அதன்பின் 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2ல்தான் மைக்ரோசாப்ட் பயர்வாலைத் தானாகவே இயங்கும்படி வைத்தது.

இன்று நீங்கள் செய்ய வேண்டியவை

இப்போது இடையில் ரவுட்டர் இருப்பதால் உங்கள் கம்ப்யூட்டர் நேரடியாக வெளியே தெரிவதில்லை. ஆனால் ரவுட்டரே இப்போது உங்கள் வாசல் கதவு. 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்களின் மோடம்களை ஒரு வைரஸ் தாக்கியது. கம்பெனி தந்த பாஸ்வேர்டை மாற்றாமல் வைத்திருந்த மோடம்கள்தான் சிக்கின. எனவே இணைப்பு வந்த அன்றே இவற்றைச் செய்துவிடுங்கள்.

1. ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1) பிரவுசரில் டைப் செய்திடுங்கள். உள்ளே போய் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. இரண்டையும் மாற்ற வேண்டும்.

2. அங்கேயே வைபை பாதுகாப்பு டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்று இருக்கிறதா எனப் பாருங்கள்.

3. ரவுட்டர் இல்லாமல் ஒயர் நேராகக் கம்ப்யூட்டருக்கு வந்தால், விண்டோஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் சென்று, உங்கள் இணைப்பைக் கிளிக் செய்து, பப்ளிக் நெட்வொர்க் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

4. விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைக்காதீர்கள். பழைய கம்ப்யூட்டர் வாங்கினால், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

5. கேபிள்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை ஜிபிக்கு மேல் வேகம் குறையும்? அப்லோட் வேகம் எவ்வளவு? சொல்லும் தொகையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா?

6. பழைய போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கரண்ட் வந்தது. கரண்ட் கட்டானாலும் பேசலாம். பைபர் பெட்டிக்கு வீட்டுக் கரண்ட்தான். லேண்ட்லைனும் அதில் வருகிறது என்றால், ரவுட்டருக்கான சிறிய யுபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள்.

சென்ற முறை ஊருக்குப் போனபோது சித்தப்பாவின் ரவுட்டரைத் திறந்து பார்த்தேன். யூசர் நேம் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின்! "மாத்தணுமா? நம்ம ஊர்ல யாருப்பா வரப் போறா?" என்றார். "ஊர்க்காரங்க வர மாட்டாங்க சித்தப்பா. ஆனா இந்த ஒயர் ஊரோட நிக்கலையே" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புதுப் பாஸ்வேர்டை அவரே டைப் செய்தார். நான் திரும்பிக் கொண்டேன்.