கல்விக் கடன்: தவணை தவறும் முன் ஒரு கடிதம்

பொறியியல் படிக்க ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளில் 4 லட்சம் ரூபாய் கல்விக் கடன் வாங்கிய ஒருவரின் கணக்கைப் பார்ப்போம். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலத்திலும், படித்து முடித்த பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் ஆண்டு வாங்கிய லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி, கடைசி லட்சத்துக்கு இரண்டு ஆண்டு வட்டி என்று, தனிவட்டியாகவே 1,40,000 ரூபாய் சேர்ந்துவிடும். முதல் தவணை வரும்போது கடன் 5,40,000. ‘வாங்கியது நாலு லட்சம்தானே’ என்று பெற்றோர் திகைத்து நிற்பது இங்கேதான்.

இந்தச் சுமையைத் தவிர்க்க வழி உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தகுதியுள்ள தொழிற்படிப்புகளுக்கு இந்த இடைக்கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது. வருமானச் சான்றிதழைக் கொடுத்ததோடு விட்டுவிடாமல், மானியம் கணக்கில் வரவானதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி, கடனை அடைக்க 15 ஆண்டுகள் வரை அவகாசம் தரலாம். அந்த 5,40,000 ரூபாயை 15 ஆண்டில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 5,800. ஐந்தே ஆண்டில் என்றால் சுமார் 11,500. ஆனால் நீண்ட தவணையில் கட்டும் மொத்தத் தொகை பத்து லட்சத்தைத் தாண்டும், குறுகிய தவணையில் ஏழு லட்சத்துக்குள் முடியும். தொடக்கச் சம்பளம் குறைவு என்றால் நீண்ட தவணையே பாதுகாப்பு. கை நிமிர்ந்ததும் கூடுதலாகக் கட்டலாம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய இத்தகைய கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

வேலையே கிடைக்கவில்லை என்றால்? பலர் செய்வது, வங்கியிலிருந்து வரும் போனை எடுக்காமல் இருப்பது. இதுதான் பெரிய கேடு. தவணை 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். கடனில் கூட்டாகக் கையெழுத்திட்ட அப்பாவின் சிபில் மதிப்பெண்ணும் சரியும். அதற்கு முன்பே, வேலையில்லை என்பதைச் சொல்லி, தவணையைத் தள்ளிவைக்கக் கோரி கிளை மேலாளருக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வேலையில்லாத காலத்துக்கு ஆறு ஆறு மாதமாக அவகாசம் தர மாதிரித் திட்டத்திலேயே இடம் இருக்கிறது. முடிவு வங்கியின் கையில் என்றாலும், வாய்ச்சொல்லை நம்பாமல் விண்ணப்பத்தின் நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு புகார் செய்ய நேர்ந்தால் அந்த ஒரு தாள்தான் பேசும்.

வசூலுக்கு ஆள் வந்தாலும் பயப்பட வேண்டாம். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது. மிரட்டவோ, ஊரார் முன் அவமானப்படுத்தவோ, உறவினர், நண்பர்களின் நிம்மதியைக் குலைக்கவோ கூடாது என்று 2022-லேயே ரிசர்வ் வங்கி எழுதியிருக்கிறது. மீறினால் தேதி, நேரம், எண் ஆகியவற்றைக் குறித்துவைத்து, முதலில் வங்கியிடமே புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசி, வட்டியைக் குறைத்து ஒரே தொகையாக முடிப்பது சிலருக்குக் கைகொடுக்கும். ஆனால் அப்படி முடித்த கடன் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று பதிவாகலாம்; நாளை வீட்டுக் கடன் கேட்கும்போது அது கேள்வியாகும். முழுத் தொகையையும் கட்டியவர்கள் பாக்கியில்லாச் சான்றிதழை வாங்கிக்கொண்டு, கடன் முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிழை இருந்து, புகார் கொடுத்து 30 நாளில் திருத்தப்படாவிட்டால், அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டும்.