பெயர்ப்பலகையைக் கேள்வி கேட்ட மாணவர்கள்

நோன்புப் பெருநாள் கழிந்த வாரத்தில் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். இப்போது பிரதேச செயலகமொன்றில் உத்தியோகம். வெளிநாட்டில் பொதுக்கொள்கையில் முதுமாணி படிக்க விண்ணப்பிக்கிறாராம். பேச்சுவாக்கில், "சேர், அங்கயும் நம்ம மஜ்லிஸ் மாதிரி ஏதும் இருக்குமா?" என்று கேட்டார். தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்த எனக்கும் பொதுக்கொள்கைக்கும் வெகுதூரம். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை, தேடி வாசித்தேன்.

வரியை யார்மீது போடுவது, மருந்துக்கு எவ்வளவு மானியம் கொடுப்பது, பாடசாலையை எந்தக் கிராமத்தில் கட்டுவது என்று அரசாங்கம் எடுக்கும் முடிவுகளை ஆராயவும் நடைமுறைப்படுத்தவும் பழக்கும் பட்டப்பின்படிப்பு நிறுவனங்கள்தான் இவை. அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் 1936இல் தொடங்கி, 1966இல் ஜோன் எஃப். கென்னடியின் பெயரைப் பெற்ற நிறுவனம் அவற்றில் பேர்போனது. அங்கே படிக்க வருபவர்களில் பலர் ஏற்கெனவே வேலை பார்த்தவர்கள்: அரச அதிகாரிகள், வைத்தியர்கள், இராணுவத்தில் இருந்தவர்கள், பத்திரிகையாளர்கள். ஆகவே அவர்களுடைய சங்கங்களும் வெறும் கலைவிழாச் சங்கங்களாக இருப்பதில்லை.

எல்லோருக்கும் பொதுவாக ஒரு மாணவர் பேரவை. நாடு, பிரதேசம், இனம், சமயம் என்பவற்றை ஒட்டி அமையும் குழுக்களை 'காக்கஸ்' என்கிறார்கள். முஸ்லிம் மாணவர்களுக்கும் ஒன்று உண்டு. (மாணவரின் கேள்விக்கு நேரடி விடை அதுதான்.) தொழில் ஆர்வத்தை வைத்துச் சேரும் குழுக்கள் வேறு. இவற்றைவிட என்னைக் கவர்ந்தவை மாணவர்களே ஆசிரியர்களாக இருந்து நடத்திய ஆய்விதழ்கள். பெண்கள், ஆசிய அமெரிக்கர், ஹிஸ்பானியர் ஆகியோரைப் பற்றிய கொள்கைகளுக்கென்றே தனித்தனி இதழ்கள் வந்திருக்கின்றன. பாடத்திட்டத்தில் தங்கள் சமூகத்துக்கு இடம் போதாது என்று கண்டவர்கள், மனு எழுதிக்கொண்டு மட்டும் இருக்காமல் இதழையே அச்சிட்டார்கள். காலாண்டிதழ் ஒன்றை நகர்த்துவது எவ்வளவு பாடு என்பது இதை வாசிப்பவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஆனால் மாணவர் அமைப்பொன்று எதுவரை போகலாம் என்பதை எனக்குக் காட்டியது பிரின்ஸ்டன். அங்கே 1930இல் உருவான பொது, சர்வதேச விவகாரப் பள்ளிக்கு 1948இல் வூட்ரோ வில்சனின் பெயர் சூட்டப்பட்டது. வில்சன் அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். பிறகு 1913 முதல் 1921 வரை நாட்டின் ஜனாதிபதி. சர்வதேச சங்கத்தை உருவாக்க முன்னின்றவர் என்றுதான் நாமெல்லாம் சரித்திரப் பாடத்தில் படித்தோம். அவருடைய ஆட்சியில் கூட்டாட்சி அரசின் அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களை வெள்ளையரிடமிருந்து பிரித்து வைத்தார்கள் என்பது நம்முடைய பாடப்புத்தகத்தில் இருக்கவில்லை. 1914இல் இதைத் தட்டிக்கேட்க வெள்ளை மாளிகைக்கே போனார் வில்லியம் மன்றோ ட்ரொட்டர் என்ற கறுப்பினப் பத்திரிகை ஆசிரியர். அவர் பேசிய தோரணை பிடிக்காமல் வில்சன் சினந்துகொண்டார். அரச நிர்வாகத்தைக் கற்பிக்கும் இடத்துக்கு, அரச ஊழியரை நிறத்தால் பிரித்தவரின் பெயர்!

2015 நவம்பரில் 'கறுப்பின நீதிக் கழகம்' என்ற மாணவர் அமைப்பு பல்கலைக்கழகத் தலைவரின் அலுவலகத்துக்குள் போய் அமர்ந்தது. அது அந்தப் பள்ளிக்கு மட்டும் உரிய அமைப்பல்ல, முழுப் பல்கலைக்கழகத்துக்கும் உரியது. ஏறக்குறைய 32 மணித்தியாலம் உள்ளேயே இருந்தார்கள். வில்சனின் பெயரை எடுக்கவேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. அதைப் பரிசீலிப்பதாகக் கையெழுத்தானபின் கலைந்தார்கள். 2016 ஏப்ரலில் அறங்காவலர் சபை முடிவை அறிவித்தது: பெயர் இருக்கும், வில்சனின் குறைகளையும் மறைக்காமல் சொல்வோம்.

நம்ம ஊராக இருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும் என்று நினைத்தேன். அங்கும் முடிந்ததுபோலத்தான் இருந்தது. முதுமாணிப் படிப்பு இரண்டே வருடம். கீழ்ப்பட்டப் படிப்பு நாலு வருடம். மாணவர் அமைப்புக்கு இதைவிடப் பெரிய பலவீனம் இல்லை. நிர்வாகம் எதிர்த்துப் பேச வேண்டியதில்லை, காலத்தைக் கடத்தினாலே போதும். கேட்டவர்கள் பட்டத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

2020 மே மாதம் ஜோர்ஜ் ஃபிளொய்ட் பொலிஸாரால் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே அந்தக் கொள்கைப் பள்ளியின் மாணவர்களும் பழைய மாணவர்களும் சேர்ந்து கோரிக்கைப் பட்டியல் ஒன்றை நிர்வாகத்திடம் கொடுத்தார்கள். 2015இல் தரையில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலானோர் அப்போது வளாகத்தில் இல்லை. ஆனால் அவர்கள் கேட்டது எழுத்தில் இருந்தது, அதற்கு வந்த பதிலும் எழுத்தில் இருந்தது. புதியவர்கள் அடியிலிருந்து தொடங்கவேண்டி வரவில்லை. ஜூன் முடிவதற்குள் அறங்காவலர் சபை தன் பழைய முடிவை மாற்றி, வில்சனின் பெயரை அகற்றியது. ஃபிளொய்டின் கொலை நாட்டையே உலுக்கியிராவிட்டால் இது நடந்திருக்குமா என்று கேட்டால், எனக்குச் சந்தேகம்தான். அதேவேளை, உலுக்கிய நேரத்தில் நீட்டுவதற்குக் கையில் ஒரு கடதாசி இருந்ததே!

நான் கம்பஸில் படித்த காலத்தில் எங்கள் மஜ்லிஸின் கூட்டக் குறிப்புப் புத்தகத்தை, பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, ஒரு செயலாளர் அடுத்தவரிடம் கொடுப்பார். தடித்த அட்டை போட்ட நீளக் கொப்பி. விடுதி இடம் வேண்டி நாங்கள் எழுதிய கடிதங்களின் பிரதிகளும் அதற்குள் இருந்தன. பின்னால் வந்த பிள்ளைகளிடம் விசாரித்தேன். அப்படியொரு கொப்பி இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. அவர்களும் விடுதிக்காக முதலாவது கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

போன கிழமை அந்த மாணவர் மறுபடி வந்தார். விண்ணப்பத்தில், அங்கம் வகித்த சங்கங்களில் என்ன செய்தீர்கள் என்றொரு பகுதி. மஜ்லிஸின் பெயரை எழுதிவிட்டு மீதியை வெறுமையாக விட்டிருந்தார். "நிறையச் செய்தோம் சேர். இப்ப ஞாபகம் வாறது இப்தார் ஏற்பாடு மட்டுந்தான்" என்றார். என்னுடைய காலத்துச் செயலாளர் ஒருவர் இப்போது பக்கத்து ஊரில் அதிபராக இருக்கிறார். அவருடைய வீட்டுப் பரணில் அந்தக் கொப்பி கிடக்கலாம் என்று ஒரு நப்பாசை. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கப்போகிறோம்.